மலையில ஓடுற ஃபாஸ்ட் காருக்கு பிரேக், வீல் வேலை: வீட்டுலயே செய்யக் கத்துக்க ஒரு வழிகாட்டி

குன்னூர்ல இருந்து மேட்டுப்பாளையம் இறங்கினா உயரத்துல கிட்டத்தட்ட 1500 மீட்டர் கீழ வர்றோம். 1400 கிலோ எடை இருக்கிற கார் அவ்வளவு தூரம் இறங்கும்போது எவ்வளவு சூடு உண்டாகும்னு கணக்கு போட்டுப் பாத்தா, சுமார் 60 லிட்டர் தண்ணிய கொதிக்க வைக்கிற அளவு வருது. அதுல ஒரு பங்க இன்ஜின் இழுத்துக்கும், ஒரு பங்கு காத்துலயும் டயர்லயும் போயிடும், மீதி அத்தனையும் டிஸ்க்கும் (வீலோட சுத்துற இரும்புத் தட்டு) பேடும் (அத ரெண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கிற கட்டை) தான் வாங்கணும். செகண்ட் கியர்ல இறங்குறவருக்கு இந்த மீதி கம்மி, டாப் கியர்ல போட்டு பிரேக்க மிதிச்சுக்கிட்டே இறங்குறவருக்கு ரொம்ப ஜாஸ்தி. பர்லியார் டீக்கடை முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நின்னு பாத்தீங்கன்னா தெரியும், நாலு கார் வந்து நின்னா ஒண்ணுல கருகின வாடை வரும், அந்த ஓனர் பாட்டில் தண்ணிய எடுத்து வீல் மேல ஊத்தப் போவாரு. தயவு செஞ்சு யாரும் அப்படி ஊத்தாதீங்க, கொதிக்கிற காஸ்ட் அயர்ன் டிஸ்க் மேல பச்சத் தண்ணி பட்டா விரிசல் விடும், இல்ல கோணிக்கும். சும்மா இருவது நிமிஷம் நிறுத்தி வச்சா தானா ஆறிடும்.

போலோ ஜிடி, விர்டஸ் ஜிடி, ஆக்டேவியா ஆர்எஸ், ஐ20 என் லைன் மாதிரி கொஞ்சம் வேகமான கார் வாங்கி நீலகிரியில வச்சிருக்கிற புது ஆளுங்களுக்காக இத எழுதறேன். பழனி மலைப் பக்கம், கொடைக்கானல்ல இருக்கிறவங்களுக்கும் இதே தான் பொருந்தும். நம்ம ஊர்ல பிரேக்குக்கு ரெண்டு தொல்லை, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிர். காட் ரோட்டுல சூடு, வீட்டுல நின்னா ஈரம். ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் ஊட்டி, கூடலூர் பக்கம் மழை பிச்சு எடுக்கும், அக்டோபர் நவம்பர்ல குன்னூரும் கோத்தகிரியும் நனையும், மத்த மாசத்துல பனிமூட்டம். டிஸ்க் துருப் பிடிக்கிறது, காலிப்பர் (பேட டிஸ்க் மேல அழுத்துற கவ்வி) பின்னு இறுகிப் போறது, வீலு ஹப்போட (வீல் மாட்டுற நடுப் பகுதி) ஒட்டிக்கிறது எல்லாம் கோயமுத்தூர்ல ஓடுற காருக்கு வர்றத விட இங்க சீக்கிரம் வரும்.

நிறைய பேரு கார் வாங்கின உடனே பெரிய டிஸ்க், ஓட்ட போட்ட டிஸ்க், ரேஸ் பேடுனு காசு செலவு பண்ண ஓடுறாங்க. அதெல்லாம் அப்புறம். வருஷத்துக்கு மூணு நாலு தடவ நாலு வீலையும் கழட்டி உள்ள என்ன இருக்குன்னு கண்ணால பாக்கிறது தான் முதல்ல பழகணும். மலையில பிரேக் கெடுறது ஒரே நாள்ல நடக்கறதில்ல, மாசக் கணக்கா மெதுவா கெட்டு வரும், வீல கழட்டிப் பாக்கிறவருக்கு மட்டும் அது முன்கூட்டியே தெரியும்.

என்னென்ன வேணும்

ஒரு ஹைட்ராலிக் டிராலி ஜாக்கி, ஒரு ஜோடி ஜாக்கி ஸ்டாண்டு, போல்ட்ட அளவு பாத்து இறுக்குற நல்ல டார்க் ரெஞ்ச் ஒண்ணு, இறுகின போல்ட்ட தளர்த்த நீளமான பிரேக்கர் பார், சாக்கெட் செட், கம்பி பிரஷ், பிரேக் கிளீனர் ஸ்ப்ரே, காலிப்பர் பின்னுக்கு சிலிக்கான் கிரீஸ், தடிமன் அளக்க ஒரு வெர்னியர், ஒரு நல்ல டயர் பிரஷர் கேஜ். முகத்துக்கு மாஸ்க், கைக்கு கிளவுஸ். காரோட வர்ற கத்தரி ஜாக்கி ரோட்டுல பஞ்சர் ஆனா ஸ்டெப்னி மாத்த மட்டும் தான், அத நம்பி கார் அடியில கையையோ காலையோ நீட்டக் கூடாது. டார்க் ரெஞ்சுல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், மத்ததெல்லாம் சுமாரானது கூட ஓடும்.

கார்ல ஜாக்கி வைக்கிற இடத்துல ஒரு ரப்பர் கட்டை வச்சுக்குங்க. இந்த வகைக் கார்ங்கள்ல சைடு ஸ்கர்ட் தாழ்வா இருக்கும், ஜாக்கி கொஞ்சம் தள்ளி உக்காந்தாலும் பிளாஸ்டிக் உடையும், கீழ தகடு மடங்கும். மேனுவல்ல ஜாக்கி பாயிண்ட் எங்கன்னு படம் போட்டிருப்பாங்க, அத ஒரு தடவ பாத்துட்டு கீழ குனிஞ்சு கையால தடவிப் பாத்து உறுதி பண்ணிக்குங்க.

முதல்ல சமதரை தேடுங்க

நம்ம ஊர்ல இது தான் பெரிய பாடு. வீட்டு முன்னாடி சரிவு, ஷெட்டுக்குள்ள சரிவு, ரோடும் சரிவு. சரிவுல ஜாக்கி போடவே போடாதீங்க, எவ்வளவு கல்லு வச்சாலும் சரி. ஒரு கோலிக்குண்ட தரையில வச்சுப் பாருங்க, அது உருண்டுச்சுன்னா அந்த இடம் வேண்டாம். தெரிஞ்சவங்க ஷெட்டோ, சிமெண்ட் போட்ட முற்றமோ கிடைக்கும், கேட்டா குடுப்பாங்க. மண் தரையா இருந்தா ஸ்டாண்டுக்கு அடியில கெட்டியான பலகை வைக்கணும், மழைக்காலத்துல மண்ணு இளகி ஸ்டாண்டு ஒரு பக்கமா இறங்கிடும்.

முன் வீல் தூக்குறீங்கன்னா பின் வீலுக்கு முன்னாடியும் பின்னாடியும் கட்டை, ஹேண்ட்பிரேக், கியர். பின் வீல் தூக்கும்போது ஹேண்ட்பிரேக் உதவாது ஏன்னா அது பிடிக்கிறதே பின் வீலத்தான், அதனால முன் வீலுக்கு ரெண்டு பக்கமும் கட்டை, கியர், ஆட்டோமேட்டிக்னா பார்க். ஜாக்கில தூக்கின உடனே ஸ்டாண்டு வச்சு கார அது மேல இறக்கிடணும், அதுக்கப்புறம் காரோட உடம்ப கையால நல்லா ஒரு தள்ளு தள்ளிப் பாருங்க, அசையக் கூடாது.

வீல கழட்டுறது

கார் தரையில நிக்கும்போதே போல்ட்ட ஒரு கால் சுத்து தளர்த்திக்கணும், தூக்கின பிறகு தளர்த்தப் போனா வீலு சுத்தும், காரும் ஆடும். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா மாதிரி கார்ல நட்டு கிடையாது, போல்ட்டு தான், வீலு தொங்கி நிக்க ஸ்டட்டு இருக்காது. அதனால முதல் போல்ட்ட கழட்டின உடனே அந்த ஓட்டையில ஒரு கைடு பின் திருகி விட்டுட்டீங்கன்னா வீலு அதுல தொங்கும், திரும்ப மாட்டும்போதும் ஓட்டை தேடிக்கிட்டு கஷ்டப்பட வேண்டாம். அலாய் வீல் 18 கிலோ 20 கிலோ டயரோட இருக்கும், கைடு பின் இல்லாம ஒத்த ஆளா மாட்டினா கண்டிப்பா டிஸ்க்லயோ காலிப்பர்லயோ இடிக்கும்.

ஊட்டிக் குளிர்லயும் ஈரத்துலயும் நாலஞ்சு மாசம் கழட்டாத வீலு ஹப்போட துருவுல ஒட்டிக்கும். எல்லா போல்ட்டையும் கழட்டியும் வீலு வராது. அப்ப சுத்தியல் எடுத்து அலாய்ல அடிக்காதீங்க. ரெண்டு போல்ட்ட ரெண்டு மூணு திருகு மட்டும் மாட்டி விட்டுட்டு, கார் ஸ்டாண்டுல உறுதியா நிக்குதான்னு பாத்துட்டு, டயரோட பக்கச் சுவர உள்ளங்கையால மேலயும் கீழயும் மாத்தி மாத்தித் தட்டுங்க, விட்டுடும். வந்த பிறகு ஹப்போட முகத்தையும் வீலு உக்கார்ற இடத்தையும் கம்பி பிரஷ்ல நல்லா தேச்சு, நடுவுல வீலு உக்கார்ற அந்த வளையத்துல மட்டும் ரொம்ப மெலிசா காப்பர் கிரீஸ் ஒரு பூச்சு. போல்ட் திருகுலயோ போல்ட் தலை உக்கார்ற இடத்துலயோ கிரீஸ் படவே கூடாது, பட்டா டார்க் ரெஞ்ச் காட்டுற அளவுக்கு மேல போல்ட் இறுகிடும், அப்புறம் ஒரு நாள் அறுந்துடும்.

உள்ள என்ன பாக்கணும்

இப்ப டிஸ்க்கும் காலிப்பரும் கண்ணு முன்னாடி இருக்கு. ஒரு டார்ச் எடுத்துக்குங்க.

பேடு. புதுப் பேடுல உரசுற பொருள் 10, 12 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். பின்னாடி இருக்கிற இரும்புத் தகட்ட சேக்காம 3 மில்லிமீட்டருக்கு வந்துட்டா மாத்தியாகணும். காட் ரோட்டுல தினமும் ஏறி இறங்குற காருக்கு 4ல மாத்துங்கன்னு தான் சொல்லுவேன், ஏன்னா பேடு மெலிசாக மெலிசாக டிஸ்க் சூடு நேரா பேட தள்ளுற பிஸ்டனுக்கும் பிரேக் ஆயிலுக்கும் போகும். வெளிப் பேட மட்டும் பாத்துட்டு எழுந்துடாதீங்க, உள் பேடையும் பாருங்க. வெளிப் பேடு 7 மில்லி, உள் பேடு 3 மில்லின்னு இருந்தா காலிப்பர் பின்னு இறுகி இருக்குன்னு அர்த்தம், மலை ஈரத்துல இது ரொம்ப சகஜம்.

டிஸ்க். ஒவ்வொரு டிஸ்க்லயும் குறைஞ்சபட்சத் தடிமன் எவ்வளவுன்னு விளிம்புலயோ நடுக் கிண்ணத்துலயோ பொறிச்சிருப்பாங்க. டிஸ்க்கோட ஓரத்துல தேயாம உசந்து நிக்கிற உதட்டுல வெர்னியர வச்சா தப்பான அளவு காட்டும், அத விட்டு உள்ள, பேடு உரசுற இடத்துல அளக்கணும். நீலமா கருநீலமா புள்ளி புள்ளியா இருந்தா எங்கயோ அளவுக்கு மீறி சூடாகியிருக்கு. முடி மாதிரி மெல்லிய கோடு மேல்பூச்சா இருந்தா பயம் இல்ல, விரல் நகம் மாட்டுற அளவு விரிசல்னா, இல்ல விரிசல் ஓரம் வரைக்கும் ஓடியிருந்தா அந்த டிஸ்க் அன்னிக்கே மாத்தணும். காலையில எழுந்து பாத்தா டிஸ்க் முழுக்க ஆரஞ்சுக் கலர்ல துரு இருக்கும், அதப் பாத்து பதற வேண்டாம், ரெண்டு மூணு தடவ பிரேக் பிடிச்சா போயிடும். ஆனா அந்த முதல் ரெண்டு மூணு பிரேக் வழக்கமான அளவு பிடிக்காது, அதனால வீட்டு வாசல்லயே செங்குத்தா இறங்குற ரோடு இருக்கிறவங்க நகர்ந்த உடனே ஒரு தடவ அமுக்கிப் பாத்துட்டு இறங்குங்க.

ரப்பர் ஹோஸ். மடக்கிப் பாருங்க, வெடிப்பு இருக்கா, ஈரமா இருக்கா, ஊதி உப்பியிருக்கா, ஸ்டியரிங்க முழுசா ரெண்டு பக்கமும் திருப்பினா வீல்ல உரசுதா. ஹேர்பின் வளைவுல முழு ஸ்டியரிங் ஒடிக்கிற நமக்கு இது முக்கியம், பெரிய வீல் மாத்தினவங்களுக்கு இன்னும் முக்கியம்.

வீல கையால சுத்திப் பாக்கிறதும் நல்ல சோதனை. கழட்டறதுக்கு முன்னாடியே, கார் தூக்கி இருக்கும்போது நியூட்ரல்ல போட்டு முன் வீல சுத்துங்க. லேசா ஸ்ஸ்ஸுனு உரசிக்கிட்டு சுத்தினா சரி, கட்டையா நின்னா அந்தப் பக்கம் காலிப்பர் விடல. சந்தேகமா இருந்தா ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்கி வச்சுக்குங்க, ஊருக்குள்ள ஒரு சுத்து போயிட்டு வந்து இடது டிஸ்க்கையும் வலது டிஸ்க்கையும் சுட்டுப் பாத்தா ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கணும், ஒண்ணு மட்டும் ரொம்ப ஜாஸ்தி காட்டினா அங்க தான் பிரச்சினை.

காலிப்பர் பின்னு

நம்ம ஊர்ல அதிகமா உயிர் எடுக்கிறது இது தான், அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன். சாதாரண காலிப்பர்ல பிஸ்டன் உள் பக்கம் மட்டும் இருக்கும், அது உள் பேட தள்ளும், அந்த எதிர் விசையில காலிப்பர் முழுசும் ரெண்டு பின்னு மேல வழுக்கி வந்து வெளிப் பேட இழுக்கும். அந்தப் பின்னு வழுக்கலேன்னா உள் பேடு மட்டும் வேலை செய்யும், பிரேக் விட்ட பிறகும் லேசா பிடிச்சுக்கிட்டே இருக்கும், மைலேஜ் குறையும், சூடு ஏறும்.

காலிப்பர் போல்ட்ட கழட்டி காலிப்பர எடுத்தீங்கன்னா ரப்பர் உறைக்குள்ள இருந்து பின்ன வெளிய இழுங்க. நல்லா இருக்கிற பின்னு ரெண்டு விரலால அழுத்தினா வழுவழுன்னு உள்ள போயி, விட்டா உள்ள இருக்கிற காத்து லேசா வெளிய தள்ளும். கெட்டுப் போனது சொரசொரன்னு மண்ணு அரைக்கிற மாதிரி கைக்குத் தெரியும், வெளிய எடுத்தா பழைய கிரீஸ் காஞ்சு பழுப்பா பிசினா இருக்கும், சில சமயம் துருத் துகளோட. துணியில பிரேக் கிளீனர் அடிச்சு பளபளப்பு வர்ற வரைக்கும் துடைங்க, உள்ள ஓட்டையையும் சுத்தம் பண்ணுங்க, பின்னுல குழி விழுந்திருந்தா புதுப் பின்னு போடுங்க. அப்புறம் சிலிக்கான் கிரீஸ் மெலிசா. வீட்டுல இருக்கிற சாதா மஞ்சக் கிரீஸ் போட்டா ரப்பர் உறை உப்பி பின்ன இறுக்கிப் பிடிச்சுக்கும், அதுக்கு கிரீஸ் போடாமலே விட்டிருக்கலாம். மேல் பின்னும் கீழ் பின்னும் ஒரே மாதிரி இருக்காது சில கார்ல, எதுல ரப்பர் வளையம் இருந்துச்சுன்னு போட்டோ எடுத்து வச்சுட்டுக் கழட்டுங்க.

கழட்டின காலிப்பர ஹோஸ்ல தொங்க விடாதீங்க. ஒரு கம்பி வளைச்சு ஸ்பிரிங்ல மாட்டி விடுங்க. காலிப்பர் போல்ட் சில ஜெர்மன் கார்ல ஒரு தடவ கழட்டினா புதுசு தான் போடணும், வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பார்ட்ஸ் கடையில கேட்டு வாங்கி வச்சுக்குங்க, குன்னூர்ல கிடைக்கலேன்னா கோயமுத்தூர்ல இருந்து பஸ்ல போட்டு விடுவாங்க.

பிரேக் தூசிய வாயால ஊதுறது, காத்தடிக்கிற மெஷின்ல அடிக்கிறது ரெண்டும் கூடாது. கிளீனர் அடிச்சு ஈரத்தோட துடைக்கணும், மாஸ்க் போட்டுக்கணும்.

பேடு மாத்துறது

எப்பவும் ஜோடியா தான், முன்னாடி ரெண்டு வீலும் சேத்து, இல்ல பின்னாடி ரெண்டும் சேத்து. ஒரு பக்கம் முழுசா முடிச்சுட்டு அடுத்த பக்கம் போங்க, மாட்டுறதுல சந்தேகம் வந்தா கழட்டாத பக்கத்தப் பாத்துக்கலாம்.

புதுப் பேடு தடிமனா இருக்கிறதால பிஸ்டன உள்ள தள்ளணும். அப்படித் தள்ளும்போது பிரேக் ஆயில் மேல டேங்குக்கு ஏறி வரும், யாராவது நடுவுல ஆயில் டாப் அப் பண்ணியிருந்தா வழிஞ்சு பெயிண்ட் மேல கொட்டும், பெயிண்ட்டு போயிடும். மூடியத் தொறந்து, கொஞ்சம் சிரிஞ்சுல உறிஞ்சு எடுத்துட்டு, பழைய பேட பிஸ்டன் மேல வச்சு சி கிளாம்ப்பால மெதுவா அமுக்குங்க. முன் பிஸ்டன் நேரா உள்ள போகும். பின்னாடி டிஸ்க் இருந்து கம்பி ஹேண்ட்பிரேக்னா பிஸ்டன அமுக்கிக்கிட்டே திருகணும், அதுக்குத் தனி டூல் இருக்கு, கிளாம்ப் போட்டு நெரிச்சா உள்ள இருக்கிற மெக்கானிசம் உடையும். எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் இருக்கிற கார்னா ஸ்கேனர் (காரோட கம்ப்யூட்டர்ல மாட்டுற கருவி) மாட்டி சர்வீஸ் மோடுல போட்டு மோட்டார பின்னுக்கு இழுத்த பிறகு தான் கை வைக்கணும். ஸ்கேனர் இல்லாதவங்க பின் பேட ஒர்க்‌ஷாப்புக்கே விட்டுடுங்க.

பேடு எந்த வகை வாங்கறதுன்னு கேப்பாங்க. ரேஸ் டிராக்குக்குன்னு செஞ்ச பேடு வேண்டவே வேண்டாம். அது சூடானா தான் பிடிக்கும், ஜனவரி காலையில ஊட்டியில உறைபனி விழுந்து கிடக்கும்போது முதல் வளைவுல அது பிடிக்காது. கம்பெனிப் பேடோ, இல்ல ரோட்டுக்குன்னு செஞ்ச கொஞ்சம் சூடு தாங்குற பேடோ போதும். ஓட்டை போட்ட டிஸ்க்கும் அதே கதை தான், தொடர்ந்து சூடாகி ஆறுனா அந்த ஓட்டை ஓரத்துல தான் முதல்ல விரிசல் ஆரம்பிக்கும். சாதா டிஸ்க், நல்ல கம்பெனி, அது போதும்.

எல்லாம் மாட்டி வீலு போட்டு கார இறக்கின பிறகு, கட்டைய எடுக்கறதுக்கு முன்னாடி, ஹேண்ட்பிரேக் இறக்கறதுக்கு முன்னாடி, உக்காந்து பிரேக் பெடல கெட்டியாகிற வரைக்கும் மிதிங்க. முதல் ரெண்டு மூணு மிதி அப்படியே தரைக்குப் போகும், பிஸ்டன் வந்து பேட தொடற வரைக்கும் பிரேக்கே கிடையாது. சமதரைய விட்டு நம்ம சரிவு ரோட்டுக்கு அந்த நிலைமையில கார் போச்சுன்னா நிறுத்த ஒண்ணும் இல்ல. இத மட்டும் ஒரு அட்டையில எழுதி ஸ்டியரிங்ல தொங்க விட்டுட்டு வேலைய ஆரம்பிங்கன்னு புதுசா கத்துக்கிற எல்லார்கிட்டயும் சொல்றேன். அப்புறம் ஆயில் அளவு பாத்து மூடிய மூடுங்க.

புதுப் பேடு டிஸ்க்கோட பழகணும். காலையில டிராஃபிக் இல்லாத நேரத்துல கொஞ்சம் சமமா இருக்கிற ரோட்டுல, 60ல இருந்து 10 வரைக்கும் நிதானமா ஆனா அழுத்தமா பிரேக் பிடிச்சு, முழுசா நிக்காம திரும்ப வேகம் எடுத்து, நடுவுல அரை கிலோமீட்டர் ஓட்டி காத்து வாங்க விட்டு, இப்படி எட்டு பத்து தடவ. பின்னாடி வண்டி வருதான்னு கண்ணாடி பாத்துக்கிட்டே பண்ணுங்க. முடிஞ்ச உடனே பிரேக்க மிதிச்சுக்கிட்டு நிக்காதீங்க, சூடான டிஸ்க்ல பேடோட அச்சு ஒட்டிக்கும், பிற்பாடு பிரேக் பிடிச்சா தடதடன்னு வரும். அஞ்சாறு கிலோமீட்டர் பிரேக் தொடாம ஓட்டி ஆற விடுங்க. புதுப் பேடு போட்ட அன்னிக்கே கல்லட்டி 36 ஹேர்பின் இறங்கவோ, மேட்டுப்பாளையம் இறங்கவோ கிளம்ப வேண்டாம்.

பிரேக் ஆயில்

ஆயில்னு சொன்னாலும் இது காத்துல இருக்கிற ஈரத்த உறிஞ்சுற திரவம். டாட்ங்கிறது டப்பா மேல போட்டிருக்கிற தரம். புது டாட் 4 கொதிக்கிறது குறைஞ்சது 230 டிகிரில, ஈரம் ஏறின பிறகு அது 155க்கு வந்துடும். டாட் 5.1னா 260, ஈரம் ஏறினா 180. கொதிச்சா உள்ள ஆவிக் குமிழி வரும், குமிழி அமுங்கும், பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும், கார் நிக்காது. காட் ரோட்டுல பிரேக் போச்சுன்னு சொல்றதுல நிறைய இதனால தான். பனிமூட்டத்துலயே குடியிருக்கிற நம்ம கார்ங்களுக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தியே ஆகணும், கிலோமீட்டர் ஓடலேன்னாலும். டாட் 5னு ஒண்ணு இருக்கு, அது சிலிக்கான், நம்பர் பக்கத்துல இருக்குன்னு நினைச்சு அத ஊத்திடாதீங்க, சேராது. பாதி தீர்ந்த டப்பாவ அடுத்த வருஷத்துக்குன்னு அலமாரில வைக்காதீங்க, குன்னூர் ஈரத்துல அது அப்பவே கெட்டாச்சு.

ஆயில் மாத்துறது, பிரேக் லைன்ல மாட்டின காத்த எடுக்கிறது ரெண்டும் ரெண்டு ஆள் வேலை. முதல் தடவையும் ரெண்டாவது தடவையும் தெரிஞ்ச மெக்கானிக் பக்கத்துல நின்னு பண்ணுங்க, தனியா வேண்டாம். முறை இது தான்: காலிப்பர்ல ஆயில வெளிய விடுற நிப்பிள்ல டிரான்ஸ்பரெண்ட் டியூப் மாட்டி பாட்டில்ல விட்டு, உள்ள இருக்கிறவர் பெடல மெதுவா மிதிச்சு அழுத்திப் பிடிக்க, வெளிய இருக்கிறவர் நிப்பிள தொறந்து மூட, மூடின பிறகு தான் பெடல விடணும். எந்த வீல்ல இருந்து ஆரம்பிக்கணும்னு காருக்குக் கார் மாறும், மேனுவல் பாருங்க. மேல டேங்கு காலியாக விட்டா ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது வீலு பூட்டிக்காம பாத்துக்கிறது) யூனிட்டுக்குள்ள காத்து போயிடும், அத எடுக்க ஸ்கேனர் வேணும், அதனால நாலஞ்சு மிதிக்கு ஒரு தடவ எட்டிப் பாத்து ஊத்துங்க. பழைய ஆயில ஓடையிலயோ சாக்கடையிலயோ ஊத்தாம பாட்டில்ல மூடி ஒர்க்‌ஷாப்ல குடுத்துடுங்க, நம்ம சாக்கடைத் தண்ணி கீழ யாரோ குடிக்கிற தண்ணியில தான் போய்ச் சேருது.

வீலு, டயரு

திரும்ப மாட்டும்போது எல்லா போல்ட்டையும் முதல்ல கையால முழுசா திருகுங்க, கையால போகலேன்னா திருகு கோணலா ஏறுது, ஸ்பேனர் போடாதீங்க. அப்புறம் கார இறக்கி, எதிர் எதிரா நட்சத்திரம் போடுற வரிசையில டார்க் ரெஞ்சால. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா கார்ல பெரும்பாலும் 120 நியூட்டன் மீட்டர், இப்ப வர்ற பிஎம்டபிள்யூல 140, உங்க காருக்கு மேனுவல்ல போட்டிருக்கிறது தான் கணக்கு. 50, 100 கிலோமீட்டர் ஓடின பிறகு மறுபடியும் ஒரு தடவ செக் பண்ணுங்க. டயர் கடையில மாத்தினா, அவங்க போல்ட் முறுக்குற மெஷின் கன்ன வச்சு டர்ர்ர்னு முறுக்கிடுவாங்க, "அண்ணா கன் வேண்டாம், கையில வச்சு விடுங்க, டார்க் நான் வச்சுக்கறேன்"னு முன்னாடியே சொல்லிட்டா யாரும் கோவிச்சுக்கறதில்ல. கன்ல முறுக்கின போல்ட்ட மழையில கல்லட்டி ரோட்டுல பஞ்சர் ஆகி நிக்கும்போது காரோட வர்ற சின்ன ஸ்பேனர்ல கழட்டவே முடியாது.

வெளி அலாய் வாங்கிப் போடுறவங்க ரெண்டு விஷயம் கவனிக்கணும். நடு ஓட்டை உங்க ஹப்புக்குச் சரியா இருக்கணும், ஃபோக்ஸ்வேகனுக்கு 57.1 மில்லி, ஐ20க்கு 54.1. வீல் ஓட்டை பெருசா இருந்தா நடுவுல வளையம் போட்டு நிரப்பணும். இன்னொண்ணு போல்ட் தலை உக்கார்ற வடிவம். ஃபோக்ஸ்வேகன் ஒரிஜினல் போல்ட் உருண்டை அடி, வெளி அலாய் நிறைய கூம்பு அடி கேக்கும். மாத்திப் போட்டா ஒரு மெல்லிய வளையத்துல மட்டும் தொட்டுக்கிட்டு நிக்கும், எவ்வளவு முறுக்கினாலும் தளரும். கடைக்காரர் "அதெல்லாம் சரியா உக்காரும்"னு சொன்னாலும் ஒரு போல்ட்டையும் வீலையும் கையில வச்சு நீங்களே பொருத்திப் பாத்துட்டு காசு குடுங்க. கம்பெனி வீல் அளவ விட ஒரு இன்ச்சுக்கு மேல பெருசு போகாதீங்க, மழைக்கு அப்புறம் நம்ம ரோட்டுக் குழியில மெலிசு டயரும் பெரிய ரிம்மும் நிக்காது.

பிரஷர் பத்தி நிறைய பேருக்குக் குழப்பம். மேட்டுப்பாளையத்துல 35 டிகிரி வெயில்ல 33 பி.எஸ்.ஐ அடிச்சு மறுநாள் ஊட்டியில 10 டிகிரில பாத்தா எவ்வளவு இருக்கணும்? குளிர்ல காத்து சுருங்கி நாலு பி.எஸ்.ஐ கிட்ட குறையும், ஆனா மேல வெளிக் காத்தோட அழுத்தம் கம்மிங்கிறதால கேஜ் மூணு பி.எஸ்.ஐ கூடக் காட்டும், கடைசில 32 சொச்சம் வரும். அதனால மலை ஏறினதால பிரஷர் தாறுமாறா மாறிடும்னு பயம் வேண்டாம், அதுக்கு மேல குறைஞ்சிருந்தா எங்கயோ லீக் இருக்கு. பாக்கிறத எப்பவும் காலையில, கார் நகர்றதுக்கு முன்னாடி, உங்க சொந்த கேஜ்ல பாருங்க. காட் இறங்கி வந்து டயர் சூடா இருக்கும்போது அஞ்சு பி.எஸ்.ஐ கூடக் காட்டுதுன்னு காத்த பிடுங்கிடாதீங்க.

டயர்ல தேய்மானக் குறி 1.6 மில்லிமீட்டர்ல வரும், சட்டப்படி அது வரைக்கும் ஓட்டலாம். மழையில ஈர இலை ஒட்டிக் கிடக்கிற குன்னூர் ரோட்டுக்கு நான் 3 மில்லிலயே மாத்தச் சொல்வேன். ஹேர்பின் திரும்பித் திரும்பி முன் டயரோட தோள்பட்டை நடுவ விட சீக்கிரம் தேயும், உள் ஓரம் வெளிய இருந்து பாத்தா தெரியாது, வீலு கழட்டி இருக்கும்போது அங்க கை விட்டுத் தடவிப் பாருங்க. பக்கச் சுவர்ல கடைசி நாலு நம்பர் டயர் செஞ்ச வாரமும் வருஷமும், 2323னா 2023ல 23வது வாரம்.

நம்ம மலையில 80 தாண்டுறதே அபூர்வம்ங்கிறதால வீல் பேலன்ஸ் போனது தெரியாமலே ஓடிக்கிட்டிருக்கும், கீழ காரமடை ரோட்டுல வேகம் எடுத்த உடனே ஸ்டியரிங் நடுங்கும். பிரேக் தொடாமலே நடுங்கினா பேலன்ஸ் போயிருக்கு, இல்ல ரிம் வளைஞ்சிருக்கு. பிரேக் பிடிச்சா மட்டும் நடுங்கி பெடலும் துடிச்சா டிஸ்க்கப் பாருங்க. ரிம் வளைவ கண்டுபிடிக்க வீல தூக்கிச் சுத்த விட்டு, பக்கத்துல ஒரு குச்சிய அசையாம பிடிச்சுக்குங்க, குச்சிக்கும் ரிம் ஓரத்துக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி கூடிக் குறைஞ்சா வளைஞ்சிருக்கு. உள் ஓரத்தையும் அப்படியே பாருங்க, குழியில அடி வாங்குறது பெரும்பாலும் உள் பக்கம் தான்.

வீல் கழுவுறது ஆறின பிறகு, சாதா கார் ஷாம்புவுல. ஆசிட் கலந்த வீல் கிளீனர் மேல் பூச்ச தின்னுடும். கழுவின உடனே ஷெட்டுல விடாம தெருவுல ஒரு சுத்து போயி ரெண்டு பிரேக் பிடிச்சு டிஸ்க்க காய வச்சுட்டு நிறுத்துங்க. மழைக்காலத்துல நாலஞ்சு நாள் எடுக்க மாட்டீங்கன்னா, நல்ல சமதரையா இருந்தா ஹேண்ட்பிரேக் போடாம கியர்ல விட்டு ரெண்டு பக்கமும் கட்டை வச்சுடுங்க, இல்லேன்னா பேடு டிஸ்க்கோட துருவுல ஒட்டிக்கிட்டு கிளம்பும்போது டக்குனு சத்தத்தோட விடும்.

ஒரு சின்ன நோட்டு கார்லயே வச்சுக்குங்க. தேதி, கிலோமீட்டர், நாலு வீல்லயும் உள் பேடு வெளிப் பேடு எத்தனை மில்லி, டிஸ்க் தடிமன், ஆயில் மாத்தின மாசம். ஒர்க்‌ஷாப்புக்குப் போனா "பிரேக் போச்சுண்ணா, பாருங்க"ன்னு சொல்றதுக்குப் பதிலா இடது முன் உள் பேடு மூணு மாசத்துல 3 மில்லி தேஞ்சிருக்கு, வலது 1 தான் தேஞ்சிருக்குன்னு காட்டினா, அவரு நேரா அந்தக் காலிப்பர்ல கை வைப்பாரு. வீலு திருடு போகாம இருக்கப் போடுற லாக் போல்ட்டோட சாவியையும் கார்ல அந்த நோட்டு வச்சிருக்கிற இடத்துலயே போட்டு வைங்க, வீட்டு மேசை டிராயர்ல வேண்டாம்.